வட்டு அட்டைக் கம்பெனியாருக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ரெய்டு அட்டைத் தயாரிப்பாளர் சமூகத்திற்கு,

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் அடியேன் பணிவுடன் எழுதிக்கொண்டது. முதலாளி சகாய விலைக்கு வாங்கிவந்த, பல வட்டுகளை ஒன்றாகக் கட்டியாளும் தங்கள் ரெய்டு அட்டை பொருத்திய பழைய சர்வரில் லினக்ஸை நிறுவ நான் உட்கார்ந்தபோது, நான்கு வட்டுகளும் பச்சை விளக்கைச் சிமிட்டியபடி என் முழங்காலுக்கருகே உறுமிக்கொண்டிருக்க, திரையிலோ வட்டு எதுவும் இல்லையென்ற வாசகம் தோன்றிற்று. பாட்டன் காலந்தொட்டு உழுதுவரும் நிலத்தில் நின்றுகொண்டே, சிட்டாவில் அது ஏறவில்லை என்ற பதிலைக் கேட்டுப் பழகிய வம்சத்தில் பிறந்தவனாகையால் நான் திடுக்கிடவில்லை.

தங்கள் திருக்கரத்தால் அருளப்பட்ட டிரைவரைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவியின் தொடக்க வரியில் ‘இன்ஸ்ட்.டிடி’ என்று சேர்த்தால் வட்டு தரிசனம் தருமென்று அறிந்து அவ்விதமே செய்தேன். அந்த டிரைவர், லினக்ஸின் கருவாகிய கெர்னலின் ஒரே ஒரு பதிப்புக்கென்று தொகுக்கப்பட்டதாம். ஆகவே அந்தப் பழைய பதிப்பையே தேடிப் பிடித்து நிறுவினேன். ஒரு மாதம் சௌக்கியமாக ஓடிற்று. பிறகு பாதுகாப்பை உத்தேசித்து அப்டேட் செய்தேன். புதிய கெர்னல் விழித்தெழுந்து, வட்டைக் காணோமென்று கைவிரித்தது.

வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ வட்டுக்குள்ளே கிடக்கிறது என்ற சங்கடத்துக்காகவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையில் அதைக் கட்டி முன்கூட்டியே நினைவகத்துக்கு அனுப்புகிறார்கள். புதிய கெர்னலுக்குரிய மூட்டையில் தங்கள் டிரைவர் இல்லை. (அந்த மூட்டையை வட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தது யாரென்றால், தங்கள் அட்டைக்குள்ளிருக்கும் நிரலின் துணையோடு பயாஸ்! வாசலில் வரவேற்றுக் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்த உபசாரம் தங்களுக்கே உரியது.)

மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று சென்ற பாசஞ்சரில், அட்டையை மஞ்சப்பையில் மடிமேல் வைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். லினக்ஸ் பயனர்களுக்கென்று ஒரு குழுவே இயங்கும் ஊர் அது. அங்கே விஷயமறிந்த ஒரு பெண், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கார்டு நல்லாத்தான் இருக்குங்க ஐயா. சோர்ஸைத்தான் தராம வெச்சிருக்காங்க” என்றாள். வட்டுகளை நேரடியாகக் காட்டும் வசதி அட்டையில் இருந்தால், எம்டிஏடிஎம் என்ற நிரலைக் கொண்டு லினக்ஸே ரெய்டு கட்டிக்கொள்ளுமென்றும் சொன்னாள். அந்த வசதியைத் தாங்கள் வைக்கவில்லை.

1991 முதல் வளர்ந்துவரும் லினக்ஸ் கெர்னலோடு எத்தனையோ அட்டைகளின் டிரைவர்கள் மூலநிரலாகவே சேர்ந்து வருகின்றன; கெர்னல் மாறும்போது அவற்றையும் சேர்த்தே திருத்துகிறார்கள். 2011-இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில்கூட விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் அமர்ந்திருந்தது. தங்கள் டிரைவர் மட்டும் ராஜாங்க ரகசியம். அது காவல் காப்பதோ, எங்கள் மண்டியின் மூட்டை எடையும் தரகுக் கணக்கும்.

ஆகையால் அந்த மூலநிரலை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கெர்னலில் சேர்ப்பிக்கும்படி பிரார்த்திக்கிறேன். சர்வரின் மேல் தற்சமயம் சிட்டைக் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறோம். கணக்கு நோட்டில் நடக்கிறது.

இப்படிக்கு,
திண்டிவனம் மண்டிக் கணக்கன்