கரி பட்டால் சாயம் வெளுக்கும்!

கே: கரி தொட்டதையெல்லாம் கறுப்பாக்கும். எங்க கரிசல்காட்டு மூட்டக்கரி சாயத்தண்ணியை வெளுக்க வைக்குமா?
— வாசகர், திருவேங்கடம்

ப: வைக்கும். 1785-லேயே ரஷ்யாவில் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்த சங்கதி இது. ஆனால் மூட்டத்தில் வெந்த கரிக்கு வேகம் போதாது. அதை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளே திறந்துகொள்ளும். அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்குள் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு. கரிசல்காரர் கணக்கில் சொன்னால், நல்ல கரியில் நாலு கிராம் ஒரு ஏக்கர்! அத்தனை பரப்பிலும் சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. நீலத் தண்ணீரில் இந்தப் பொடியைப் போட்டு நன்றாகக் குலுக்கி வடிதாளில் ஊற்றினால், தாளில் கரி தங்கும், கீழே நிறமில்லாத தண்ணீர் சொட்டும்.

கே: எதைச் சுட்ட கரி உசத்தி? சிரட்டைதானே?
— வாசகர், புளியங்குடி

ப: உங்களுக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறார்கள். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியின் கண்ணன், சுந்தரம் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் கரி பிடித்த மெத்திலின் புளூ சாயம் ஏறக்குறைய இவ்வளவு: வைக்கோல் கரி 472 மில்லிகிராம், உமி 343, சிரட்டை 278, கடலைத்தோல் 165, மூங்கில்தூள் 143. வைக்கோல் சிரட்டையை முந்திவிட்டது! கடையில் விற்கும் கரியோ 980. அதை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது. மெத்திலின் புளூ நேர்மின் சாயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் சாயம். அதற்கு இந்த வரிசை மாறலாம். ஆகவே உங்கள் பட்டறைத் தண்ணீரிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுக் கரி வாங்குங்கள்.

கே: தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருச்சு. ஓடையில விட்டுரலாமா?
— சாயப்பட்டறைக்காரர், சங்கரன்கோவில்

ப: தயவுசெய்து விடாதீர்கள். கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள், கரி போடுமுன் காட்டிய எண்ணை ஒட்டியே பின்னும் காட்டும். பருத்தியில் சாயம் ஏறுவதற்காக நீங்கள் கொட்டிய உப்பு அப்படியே கிடக்கிறது. கரியிடம் அதற்கு மருந்து கிடையாது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் பாசனத்துக்கென்று 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறக்கவே கூடாது என்று விவசாயிகளே மறித்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கொப்பரைகளும் அங்கே கட்டாயமானது இந்த உப்பால்தான். நிறம் கண்ணுக்குத் தெரியும், ஊர் கூடிச் சண்டைக்கு வரும். உப்பு தெரியாது, கிணறு கரித்த பிறகுதான் தெரியும். எனக்குப் பயம் அதுதான்.

கே: சாயம் குடிச்ச கரியைக் காட்டுல கொட்டினா உரமாகுமா?
— வாசகர், கரிவலம்வந்தநல்லூர்

ப: ஆகாது. சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பெரிய ஆலைகள் உலையில் மறுபடி சூடாக்கித் துளைகளைத் திறந்துகொள்கின்றன; ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரி எரிந்து குறையும். சிறு பட்டறைக்கு அந்த உலை கட்டுப்படியாகாது. மூட்டையாகக் கட்டி, மழை படாமல் வைத்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புங்கள். கரி வாங்கும்போதே அந்த வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.