தோடியும் சுதைப்பூவும்

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரொக்கோக்கோ பாணி மாளிகையும் இசையும் ஒரே அலங்கார ஆசையில் பிறந்தவை என்கிறார்களே, நம் திருவிதாங்கூரில் அப்படி ஏதும் உண்டா? (வாசகர், பாறசாலை)

பதில்: உண்டு. ஆனால் அலங்காரத்தில் தேடாதீர்கள், அறையில் தேடுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரென் 1713-இல் தம் ஹார்ப்சிகார்டு நூலில் சுர அணிகளுக்கு அட்டவணையே போட்டார். 1730-களில் மியூனிக்கில் எழுந்த அமலியன்பர்க் மாளிகையின் சுவரெல்லாம் வெள்ளிக் கொடிகள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக் காரணம், இரண்டும் நெருங்கி அமர்ந்த சிலருக்காகச் செய்யப்பட்டவை என்பதே. பெரிய கூடத்தில் அந்த நுணுக்கம் கரைந்துவிடும்.

நம் பக்கம் கதை அடுத்த நூற்றாண்டில் நடக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் எழுப்பிய குதிரைமாளிகையில் 122 மரக்குதிரைகள். அவரே நவராத்திரியின் ஒன்பது மாலைகளுக்கு ஒன்பது கிருதிகள் செய்தார். அவற்றைக் கேட்கத்தான் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஆண்டுதோறும் உங்கள் ஊர் வழியாகத் திருவனந்தபுரம் போகிறாள். அங்குள்ள நவராத்திரி மண்டபத்தின் கூரையில் ஒலிக்காகவே மண்பானைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இசையும் கட்டடமும் கைகோத்த இடம் அந்தக் கூரைதான், குதிரைகள் அல்ல.

‘சுரத்தை அசைத்து இழைக்கும் கமகமும் செதுக்கு வேலையும் ஒரே மனத்தின் பூவேலைதானே?’ என்று கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. சுதைப்பூவைச் சுரண்டினாலும் சுவர் நிற்கும். கமகத்தை உருவினால் தோடி ராகம் நிற்காது. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இங்கே வேரூன்றியதும் அதனால்தான்: மெட்டுகள் இல்லாத அதன் கழுத்தில் விரல் வழுக்கிக் கமகம் பேச முடிந்தது. சுவாதித் திருநாள் தம் அவை வயலின் கலைஞர் வடிவேலுவுக்குத் தந்தத்தில் வயலின் பரிசளித்தார். தந்தம் அரசவையின் அலங்காரம்; வாசிப்பு தஞ்சாவூர்க்காரருடையது.