பொற்காசும் ஒரு மகளும்

கேள்வி: மகள் பைசாந்திய வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாள். துறைமுகத்தடியில் பிறந்த பொம்பிளைப் பிள்ளைக்கு அது எதற்கு?
– ஒரு தகப்பன், திருகோணமலை

பதில்: துறைமுகப் பிள்ளைக்குத்தான் அது பொருத்தம்! 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் கொஸ்மஸ் நம் தீவைப் பற்றி எழுதினார். வணிகன் சொபத்ரொஸின் யோசனைப்படி ரோமப் (அதாவது பைசாந்தியப்) பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் நம் அரசன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொன்னை மெச்சிய கதை அதில் உண்டு. பொம்பிளைப் பிள்ளையா? பைசாந்தியப் பேரரசரான தகப்பனின் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் எழுதியவரே மகள் அன்னா கொம்னேனாதான். அந்த அன்னாவை ஆராய்ந்து 1929இல் தடித்த நூல் எழுதியவர் ஜோர்ஜினா பக்லர், அவரும் பெண். இந்தப் படிப்புக்குத் தேவையான கிரேக்கம் கடினம்தான். தமிழும் சிங்களமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பிடிபடும். தைரியமாக அனுப்புங்கள்.