இணைப்பு மொழியும் ஹந்தானை மலையும்

கேள்வி: தாய்மொழியோடு உலகப் பொதுமொழி ஒன்றையும் எல்லோரும் கற்றால் சண்டைகள் தீருமா?
– வாசகர், ஹந்தானை

பதில்: அந்த நம்பிக்கையில் சாமன்ஹோஃப் 1887இல் எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியை வெளியிட்டார், 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய இலங்கையோ, எஸ்பெராண்டோவுக்குச் சரியாக நூறாண்டு பிந்தி, 1987இன் 13ஆம் திருத்தத்தில் தமிழுக்கும் ஆட்சிமொழித் தகுதியளித்து, ஆங்கிலத்தை இணைப்பு மொழி, அதாவது இரு மொழியினரும் தம்முள் தொடர்புகொள்ளும் மொழி, என்று அறிவித்தது. உங்கள் ஹந்தானை மலையடிவாரப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் ஓரளவு இணைக்கிறது. மேலேயுள்ள தேயிலைத் தோட்டத் தமிழருக்கு, ஆங்கிலம் கைவரும் வரை, அது சிங்களத்தோடு இன்னொரு பூட்டு மட்டுமே. சண்டையைப் பொதுமொழி தீர்க்குமெனில், ஒரே மொழி பேசும் பங்காளிகள் வரப்புக்காக நீதிமன்றம் ஏறமாட்டார்கள். பொதுமொழி வரட்டும், சட்டம் ஏற்கெனவே தந்த தமிழ் அதற்குமுன் அரசு அலுவலகங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவேண்டும்.