லட்டு பாக்கி

செகந்திராபாத்துக்கு வடகிழக்கே, சைனிக்புரிக்கும் ஏ.எஸ்.ராவ் நகருக்கும் இடைப்பட்ட எங்கள் காலனிக்கு விருந்தாளியாக வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "என்ன அமைதிப்பா இங்கே!" அமைதிக்குக் காரணம் உண்டு. எங்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள். மீதிப் பாதி ஈ.சி.ஐ.எல்.லில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள். முன்னவர்கள் ஒன்பதரைக்கே தூங்கிவிடுவார்கள். பின்னவர்கள் தூங்குவதில்லை, ஆனால் பேசவும் மாட்டார்கள்.

ஈ.சி.ஐ.எல். என்றால் சும்மா இல்லை. அய்யகாரி சாம்பசிவ ராவ் 1967-ல் தொடங்கிய நிறுவனம். அவர் பெயரில்தான் பக்கத்து ஏ.எஸ்.ராவ் நகரே இருக்கிறது. நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆரம்ப மாதிரியை உருவாக்கியவர்கள் இவர்கள். 1982-ல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் அதை வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்தக் காலத்து இன்ஜினியர். தீர்ப்பு நேற்றுத்தான் வந்தது போல இன்னும் முகம் சுண்டுவார்.

இத்தனை பெருமை உள்ள காலனியில் நலச்சங்கத் தேர்தல் எப்படி நடக்கும் என்கிறீர்கள்? கையைத் தூக்கித்தான்.

பூங்காவில் பத்து மணிக்குப் பொதுக்குழு என்றார்கள். பதினொன்றுக்குத் தொடங்கியது. மிர்ச்சி பஜ்ஜி உண்டு என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வேறு நோக்கம் எதுவும் கிடையாது. தலைவரும் செயலாளரும் போன வருடத்தவர்களே. பொருளாளர் பதவி மட்டும் காலி. முன்பு அதில் இருந்தவர் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் அத்தனை அவசரமாகப் போனார் என்பது பின்னால்தான் புரிந்தது.

செயலாளரான விங் கமாண்டர் என்னைப் பார்த்தார். "மீரு தமிழ்வாள்ளு கதா? லெக்கலு பாகா சூஸ்தாரு" என்றார். தமிழர்களுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பது இந்த ஊரில் உறுதியான நம்பிக்கை. ராமானுஜன் செய்துவிட்டுப் போன வேலை, சந்ததிகள் அனுபவிக்கிறோம். வாயில் பஜ்ஜி இருந்ததால் மறுக்க முடியவில்லை. கைகள் உயர்ந்தன. எதிர்வீட்டு இன்ஜினியர் மட்டும் தூக்கவில்லை. விரோதமெல்லாம் இல்லை. கை தூக்குவதற்குச் சங்கத்தின் பைலாவில் இடமில்லையாம். எந்த வருடமும் அவர் யாருக்கும் தூக்கியதில்லையாம்.

பொருளாளர் என்றால் வாட்ச்மேன் சம்பளமும் பூங்கா மோட்டார் ரிப்பேரும்தான் என்று எண்ணியிருந்தேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ரசீதுப் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் அடியில் இன்னொரு நோட்டு இருந்தது. அட்டையில் 'லட்டு பாக்கி' என்று எழுதியிருந்தது.

நம் ஊர்ப் பிள்ளையார் அரசமரத்தடியில் யாரையும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். சதுர்த்திக்கு ஒரு களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, கொழுக்கட்டை, அதோடு தீர்ந்தது. ஹைதராபாத் விநாயகருக்குப் பட்ஜெட் உண்டு. கைரதாபாத்தில் 1954-ல் ஓரடி உயரத்தில் தொடங்கியவர் 2024-ல் எழுபது அடி. எங்கள் காலனியிலும் பந்தல், மைக், பதினோரு நாள் பிரசாதம், கடைசியில் காப்ரா ஏரி வரை லாரி எல்லாவற்றுக்கும் சந்தா வசூல். சந்தா போதாதபோது கைகொடுப்பது, சுவாமியின் கையில் வைத்திருந்த லட்டு. சிலையைக் கரைக்கும் நிமஜ்ஜனத்தன்று அதை ஏலம் விடுவார்கள்.

வழக்கத்துக்குப் பேர் வாங்கித் தந்தது பாலாப்பூர். 1994-ல் கொலன் மோகன் ரெட்டி 450 ரூபாய்க்கு எடுத்தார். லட்டை நிலத்தில் தூவினார், விளைச்சல் பெருகியது என்பது பேச்சு. அப்புறம் விலையின் விளைச்சலைச் சொல்ல வேண்டுமா? அதே பாலாப்பூரின் 21 கிலோ லட்டு 2024-ல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய். அதே வருடம் பண்ட்லகூடாவில் ஒரு வில்லா குடியிருப்பின் லட்டு 1 கோடியே 87 லட்சம். இது எந்தக் கடலைமாவு என்று என் மனைவி கேட்டாள்.

எங்கள் காலனி லட்டு அவ்வளவுக்குப் போகாது. ஆனால் ஒரு விதி இருக்கிறது: லட்டை இந்த வருடம் கொண்டுபோகலாம், பணத்தை அடுத்த சதுர்த்திக்குள் கொடுக்கலாம். பகவான் மேல் அத்தனை நம்பிக்கை. பகவானுக்குப் பதிலாக வீடு வீடாகப் போகிறவன்தான் பொருளாளர்.

அப்படித்தான் காலனிவாசிகள் எனக்குப் பழக்கமானார்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் டீ நன்றாக இருக்கும், யார் மணி அடித்ததும் விளக்கை அணைப்பார்கள் எல்லாம் அத்துப்படி. மனைவி பாடு சுகம். பதுகம்மா பூத்திருவிழா நாட்களில் ஆவாரம்பூவும் சாமந்தியும் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்ப் பெண்களோடு கைதட்டிச் சுற்றி வந்தாள். அத்தனை பேரும் அவளுக்கு 'அக்கா' சொல்கிறார்கள். என்னைக் கண்டால் கேட்டைச் சாத்துகிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தவர் ஒரு பில்டர். ஏலத்தன்று அவருக்குச் சால்வை, தப்பட்டை, மைக்கில் மூன்று முறை பெயர். நான் போனபோது சோபாவில் உட்காரவைத்து முந்திரிப் பக்கோடா கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், லட்டு வந்ததிலிருந்து ஒரு ஃபிளாட்கூட விற்கலை. விற்றதும் முதல் பணம் சுவாமிக்குத்தான்."

அதாவது, சரக்கு வேலை செய்யவில்லை என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது? எதிர்வீட்டு இன்ஜினியரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "லட்டுக்கு வாரண்டி உண்டா என்று பைலாவைப் பார்க்கணும்" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அது.

அடுத்த பொதுக்குழுவில் நானே ஒரு தீர்மானம் கொண்டுபோனேன். பாலாப்பூரிலேயே இப்போது முன்பணம் கட்டினால்தான் ஏலத்தில் நிற்க முடியும்; நாமும் அப்படிச் செய்வோம், பழைய பாக்கி உள்ளவர்களுக்கு ஏலத்தில் இடமில்லை என்றேன். பூங்காவில் இலை அசையவில்லை. பின்வரிசையிலிருந்து பில்டர் எழுந்தார். நல்ல விதி, காலனிக்கு ஒழுங்கு வேண்டும், நான் வழிமொழிகிறேன் என்றார். கைதட்டல். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: அடுத்த வருடத்திலிருந்து.

ஒருவர் நீங்கலாக எல்லோரும் கை தூக்கினார்கள்.