இருமல் தடை

நாளிதழின் மூலையில் செஸ் புதிர் ஒன்று வரும். கீழே "வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்" என்று போட்டிருப்பார்கள். அந்த வரியைப் படித்ததும் நான் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுவேன். ராணியை எங்கே பலி கொடுக்கலாம் என்றுதான் முதலில் தேடுவேன். புதிரில் ராணியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜெயித்தவன் உண்டா? காபி ஆறுவதற்குள் விடை வந்துவிடும். அதன்பின் வீட்டில் அகப்பட்டவரை உட்காரவைத்து விளக்குவேன்.

இதில் மூளையின் பங்கு சொற்பம். எல்லாம் அந்த ஒற்றை வரி செய்கிற வேலை. பரணில் முறுக்கு டப்பா இருக்கிறது என்று சொல்லிவிட்ட பிறகு, தேடி எடுப்பதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும்? நிஜ ஆட்டத்தில்தான் அந்த வரியை யாரும் எழுதி வைப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் சாயங்காலமானால் மாமரத்தடியில் பலகை விரியும். ஒரு பக்கம் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், மறுபக்கம் வங்கியில் ஓய்வுபெற்றவர். சுற்றிலும் நாங்கள். நின்று பார்க்கிறவனுக்கு ஆட்டம் எப்போதும் பளிச்சென்று தெரியும். தோற்றால் அவனுக்கு என்ன போச்சு? ஒருநாள் வங்கிக்காரர் ஒரு சிப்பாயைத் தள்ளப் போனார். என் பக்கத்தில் நின்றவர் இருமினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"ஓஹோ, ஏதோ இருக்கு போலிருக்கே!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பலகையைத் துழாவினார். பிஷப்பை எடுத்து, எதிராளியின் ராஜாவுக்குக் காவல் நின்ற ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். ராஜா பிஷப்பை வெட்டினால் குதிரை பாயும், பின்னாலேயே ராணி வரும். கிரேக்கோ என்ற இத்தாலியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டுப் போன அடி இது. இத்தனை காலமாக ஊரறிந்த அடி, இருமினால்தான் கண்ணில் படுகிறது.

ரயில்வேக்காரர் பலகையைப் பார்க்கவில்லை, இருமியவரைப் பார்த்தார்.

"சார், தொண்டைக்கு மிளகுக் கஷாயம் நல்லது. வீட்டுக்குப் போய்க் குடிங்க."

அன்று முதல் மரத்தடியில் இருமல் தடை அமலில் இருக்கிறது.

1912-இல் லண்டனில் செஸ் ஆடிய எட்வர்ட் லாஸ்கருக்கு யாரும் இருமியதாகத் தெரியவில்லை. (உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு, இவர் வேறு.) எதிரே ஜார்ஜ் தாமஸ். லாஸ்கர் தன் 11-ஆவது நகர்த்தலில் ராணியையே கொண்டுபோய் அந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். தாமஸின் ராஜா அவளை வெட்டித்தான் ஆக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. அடுத்து குதிரையும் பிஷப்பும் சேர்ந்து இரட்டைச் செக். அப்புறம் குதிரை, சிப்பாய், மறுபடி சிப்பாய் என்று ஆளாளுக்குச் செக் சொல்லி, அந்த ராஜாவைப் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடத்தியே கூட்டிவந்தார்கள். எதிரியின் கடைசி வரிசைக்கு வந்து நின்றவருக்கு 18-ஆவது நகர்த்தலில் மேட். அதுவும் எப்படி? லாஸ்கரின் ராஜா ஓரடி விலகிக்கொண்டார்; பின்னாலிருந்த யானைக்கு வழி திறந்தது.

அங்கே கேஸ்லிங் செய்தே மேட் கொடுத்திருக்கலாம், ஒரு நகர்த்தல் முன்னதாகவே முடித்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் விடாமல் இருமுகிறார்கள். பாவம் தாமஸ். ஆனால் பாட்மின்டனில் அவர் பெரிய ஆள். 2022-இல் இந்தியா ஜெயித்த தாமஸ் கோப்பை அவர் பெயரில் இருப்பதுதான்.

அடி கிடைக்கிற வழிக்கும் இலக்கணம் கிடையாது. சென்னையில் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய கிளப், மிகயில் தால் என்ற செஸ் ஆட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. அந்தத் தால் ஒருமுறை வசியூகோவுடன் ஆடும்போது, குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்க உட்கார்ந்தார். சேற்றில் மாட்டிய நீர்யானையை வெளியே இழுப்பது எப்படி என்ற குழந்தைப் பாட்டுச் சமாசாரம் மனசுக்குள் புகுந்துவிட்டது. நெம்புகோல், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, கடைசியில் அது மூழ்கினால் மூழ்கட்டும் என்று விட்டுவிட்டுக் குதிரையைக் கொடுத்தார், ஜெயித்தார். 40 நிமிடம் துல்லியமாகக் கணக்கிட்டார் என்று மறுநாள் பத்திரிகை எழுதியதாம். அவரே சொன்ன கதை.

இப்போது இருமுகிற வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் திரையோரப் பட்டை சடாரென்று சாய்ந்தது. வீட்டில் சோபாவில் கிடந்தவனுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. உலகமே இருமியது. கண்ணாடி அறைக்குள் அவரெதிரே இருந்த குகேஷுக்கு அது கேட்காது. தனக்கும் அது உடனே தென்படவில்லை என்று அவரே பிறகு சொன்னார். பிறகு தென்பட்டது. யானையை யானையால் வெட்டினார், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

மரத்தடியில் யாராவது ஆடிக்கொண்டிருந்தால் தாராளமாக நின்று பாருங்கள். தொண்டை கரகரத்தால் மட்டும் தயவுசெய்து தெருமுனை வரை போய் இருமிவிட்டு வாருங்கள்.