பேரைக் கடைசியில படி, மருமவனே

மருமவனே, உனக்கு என்ன குறைச்சல்? கையில காசு இருக்கு. பூதக்கண்ணாடி இருக்கு. அட்டையை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை, உறையை வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. இல்லாதது பொறுமை ஒண்ணுதான். அதை விக்கிற கடை நியூஜெர்சியில இல்லைன்னு நெனைக்கேன். இருந்தா அதையும் ஏலத்துல எடுத்து உறைக்குள்ள போட்டிருப்பே.

குளிருக்குப் பயந்து உன் வீட்டுக்குள்ளேயே கெடந்த மாசத்துல, உன் அலமாரியில இருந்த பேஸ்பால் புஸ்தகத்தையெல்லாம் நான் படிச்சு முடிச்சிட்டேன். நீ விலை போட்டிருக்கிற பக்கத்தை மட்டும் படிச்சிருக்கே. அங்கதான் மஞ்சள் கோடு கெடக்கு. மிச்சப் பக்கமெல்லாம் அச்சு மணம்கூட மாறலை. அதனால நான் நாலு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

அமெரிக்கா அட்டையிலயே விழுந்து கெடந்தா உனக்கு இந்த வம்பு இல்லை. 1909-லேருந்து 1911 வரைக்கும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள்ள போட்டு வித்த டி206 வரிசை இருக்கே, அதுல ஹோனஸ் வாக்னர் அட்டை ஒண்ணு 2022-ல 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அந்த மூஞ்சியை அடையாளம் பார்க்க கண்ணாடி எதுக்கு? விலையே ஆளைச் சொல்லிரும். ஆனா உனக்கு அது எட்டாது. அதனால கியூபா பக்கம் திரும்பிட்டே. தப்பில்லை. என்னைக் கேட்டா அங்கதான் சமாச்சாரமே இருக்கு. ஹவானாவுல 1909 வாக்குல கபானியாஸ், அடுத்தாப்புல பஞ்ச், 1923-24 குளிர்காலத்துல பில்லிக்கன், அதுக்குப் பிறகு அகிலிட்டாஸ்னு ஒவ்வொரு புகையிலைக்காரனும் ஆட்டக்காரன் படத்தைப் போட்டுத் தள்ளியிருக்கான். அதுல சில பேரு யாருன்னு இன்னைக்கும் பெரிய பெரிய ஆளெல்லாம் மண்டையைச் சொறியுதான். நீ மட்டும் ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டேன்னு போன்ல சொல்லுதே!

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா, "கீழே பேரு போட்டிருக்கு மாமா"ங்கே. நல்லது.

பேரு போட்டவன் யாரு? அச்சாபீஸ்காரன். அவன் ஆட்டத்தைப் பார்த்தானா, ஆளைப் பார்த்தானா? அந்த டி206-லயே ஜோ டாயில்னு ஒரு பிட்ச்சர். ஆடினது அமெரிக்கன் லீக் நியூயார்க் டீம்ல. அதே ஊருல நேஷனல் லீக் டீம்ல லாரி டாயில்னு இன்னொருத்தன் இருந்தான். அச்சுக்காரன் ரெண்டு டாயிலையும் போட்டுக் குழப்பி, இவன் படத்துக்குக் கீழ அவன் லீக்கை அடிச்சிட்டான். பிறகு திருத்தினாங்கன்னு வையி. திருத்துறதுக்கு முன்னால வெளியே போன அந்தத் தப்பு அட்டைதான் இன்னைக்குக் கொழுத்த விலை. ஷெர்ரி மகீன்னு ஒருத்தன் பேருல எழுத்தை மாத்திப் போட்டது இன்னொரு கூத்து. தப்புக்கு இம்புட்டு மரியாதை உலகத்துல வேற எங்கயும் நான் பார்த்ததில்லை.

அது சொந்த ஊருல, சொந்த பாஷையில நடந்த லட்சணம். ஹவானா அட்டையில பெரும்பாலும் ஒத்தைப் பேருதான், அதுவும் குடும்பப் பேரு. கொன்சாலெஸ்னு ஒரு அட்டை வந்தா எந்தக் கொன்சாலெஸ்? கெர்வாசியோ கொன்சாலெஸ் ஒரு கேட்ச்சர்; அவனை ஸ்ட்ரைக்னு கூப்பிடுவாங்க. வாலன்டீன் கொன்சாலெஸ் ஹவானா டீம்ல, அவன் சிரீக்கே. லூயிஸ் கொன்சாலெஸ் பந்து வீசுதவன். அவனுக்கு அங்கியான்னு பேரு. பிறகு மிகெல் ஆங்கெல் கொன்சாலெஸ் வாரான்; அவனும் கேட்ச்சர்தான். நம்ம ஊருல நாலு சுடலைமுத்து இருந்தா கோணவாயன், மாட்டுத்தரகன்னு பட்டப்பேரு வச்சுத்தானே ஆளைப் பிரிக்கோம்? அங்கயும் அதே கதைதான். கேலரியில உக்காந்து கத்துதவனுக்குப் பட்டப்பேரு தெரியும். சிகரெட் கம்பெனிக்காரன் அதை அட்டையில போட வேண்டாமா? போடலை. ஊருக்கே தெரிஞ்ச ஆளுக்கு எதுக்குப் பேருன்னு விட்டுட்டான். நூறு வருசம் கழிச்சு நியூஜெர்சியிலேருந்து ஒருத்தன் கண்ணாடியும் கையுமா வருவான்னு அவன் கனவா கண்டான்?

அதனால முதல்ல சட்டையைப் பாரு, கிளப்பைப் பாரு. அல்மெண்டாரெஸ் நீலக் கட்சி, ஹவானா சிவப்புக் கட்சி. ரெண்டும் பழசு, ரெண்டும் பரமவைரி. சான்டா கிளாராவும் மரியனாவோவும் 1922-23-லதான் லீக்குக்குள்ள வருது. சான்டா கிளாரான்னு அச்சடிச்ச அட்டையை 1910-ன்னு ஒருத்தன் விக்க வந்தான்னா, அவனுக்குக் காப்பி குடுத்து அனுப்பு, பணம் குடுக்காதே. போன வருசம் உனக்கு வந்த அந்த யோக்கியனைத்தான் சொல்லுதேன்.

அடுத்தது கை. கிளவுஸ் எந்தக் கையில இருக்குன்னு பாரு. ஆனா கையையும் முழுசா நம்பிராதே. 1957-ல டாப்ஸ் கம்பெனி போட்ட ஹாங்க் ஆரன் படத்துல நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, வலதுகைக்காரனை இடதுகையால மட்டை பிடிக்க வச்சிட்டாங்க. 1959-ல லூ பர்டெட்டுன்னு ஒரு குறும்பன், வலதுகைப் பிட்ச்சர், படம் எடுக்க வந்தவனை ஏய்க்கணும்னே கிளவுஸை மாத்தி மாட்டிக்கிட்டு நின்னுட்டான். 1969-ல அவுரேலியோ ரோட்ரிகெஸ்னு பேரு போட்டு, மட்டை எடுத்துக் குடுக்கிற பையனோட படத்தையே அச்சடிச்சு வித்தாங்க. கலர் போட்டோ காலத்துலயே இந்தக் கெதின்னா, 1909-ல என்ன நடந்திருக்கும்னு யோசி. சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் போட்டிருக்கு, எழுத்து நேரா இருக்கா திரும்பி இருக்கா, அதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கைக்கு மதிப்பு.

கடைசியா காது. ஆமா, காதுதான், சிரிக்காதே. மனுசன் தடிக்கலாம், மெலியலாம், மீசை வைக்கலாம், எடுக்கலாம். காதோட மடல், அது கன்னத்துல ஒட்டுற இடம், லேசுல மாறாது. பழைய போட்டோவுல ஆள் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரங்க அதைத்தான் முதல்ல பாக்காங்க. நீ தொப்பியைப் பாக்கே.

காதைப் பார்த்துப் பழகணும்னா ஹொசே மெண்டெஸை எடுத்துக்கோ. 1908 நவம்பர்ல சின்சினாட்டி ரெட்ஸ் ஹவானாவுக்கு ஆட வருது. பெரிய லீக் டீம். கடல் தாண்டி வந்து நாலு காசு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தவங்க. அல்மெண்டாரெஸுக்காகப் பந்து எடுத்தான் மெண்டெஸ், ஒல்லியான கறுப்புப் பையன். முதல் ஆட்டத்துல அவங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஹிட். அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மில்லர் ஹக்கின்ஸ் அடிச்சது. அல்மெண்டாரெஸ் 1-0ன்னு ஜெயிச்சுது. அந்தத் தொடர்ல ரெட்ஸுக்கு எதிரா அவன் வரிசையா 25 இன்னிங்ஸ் ஒரு ரன்னும் குடுக்கலை. அதே ரெட்ஸ் 1911-ல ரெண்டு கியூபாக்காரனைக் கூட்டிட்டுப் போச்சு: அர்மான்டோ மார்சான்ஸ், ரஃபேல் அல்மெய்டா. ரெண்டு பேரும் ஐரோப்பிய ரத்தந்தான்னு கிளப்பே ஊருக்குச் சாட்சி சொன்ன பிறகுதான் களத்துல இறங்க விட்டாங்க. தன்னைப் பந்தாடுன மெண்டெஸ் கண்ணுக்கே தெரியலை. கண்ணு தெரியாம இல்லை, கலர் தெரிஞ்சுது.

அந்த மெண்டெஸை இருபது வயசுச் சில்லறைல அல்மெண்டாரெஸ் சட்டையிலயும் பாக்கலாம். பதினஞ்சு வருசம் கழிச்சு சான்டா கிளாராவுல, தோள் போயி, முகம் இறுகின பிறகும் பாக்கலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி. வேற வேற ஆளுன்னு சத்தியம் பண்ணுவே. காதைப் பாரு, அடங்கிருவே. சான்டா கிளாராவுல ஆடின அந்தக் குளிர்காலம் முடிஞ்சு 1924-ல அமெரிக்கா போயி, கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸை நடத்தி, முதல் நீக்ரோ வேர்ல்ட் சீரீஸோட கடைசி ஆட்டத்துல தானே பந்து வீசி, ரன்னே குடுக்காம முடிச்சான் மனுசன். நாலு வருசத்துல செத்தும் போனான். கூப்பர்ஸ்டவுன்காரங்க அவனை ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள விட்டது 2006-ல.

இப்ப தெரியுதா, நான் ஏன் இந்த அட்டையைப் பிடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டுதேன்னு? டி206-ல ஐந்நூத்துக்கு மேல அட்டை. அதுல ஒரு கறுப்பு ஆட்டக்காரன் கெடையாது. ஆஸ்கர் சார்ல்ஸ்டன் இந்தியானாபோலிஸ்ல பொறந்தவன், ஜான் ஹென்றி லாயிட் புளோரிடாக்காரன். ரெண்டு பேரும் ஆடின காலத்து அட்டை வேணும்னா ஹவானாவுக்குத்தான் போகணும். பில்லிக்கன் பாக்கெட்டுல இருக்காங்க. சொந்த நாட்டுப் புகையிலைக்காரன் போடாத முகத்தை அடுத்த நாட்டுப் புகையிலைக்காரன் போட்டிருக்கான். புண்ணியத்துக்கா போட்டான்? சிகரெட் விக்கத்தான். ஆனாலும் போட்டானே. 1923-24-ல சான்டா கிளாராவோட வெளி மைதானத்துல சார்ல்ஸ்டன், அலெஹான்ட்ரோ ஓம்ஸ், பாப்லோ மேசா மூணு பேரும் நின்னாங்க. மத்த டீமெல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்துல பின்னால வந்துது. அப்படி ஒரு டீமுக்கு வேற படம் எத்தனை இருக்குன்னு நெனைக்கே?

அதே டீம்ல டேவ் பிரவுன்னு ஒரு இடதுகைப் பிட்ச்சர். 1925-ல நியூயார்க்குல ஒரு கொலைவழக்குல பேரு அடிபட்டதும் ஆளு மாயம். லெஃப்டி வில்சன்னு பேரை மாத்திக்கிட்டு எங்கெங்கயோ சின்ன டீம்ல ஆடினான்னு பேச்சு. போலீசே தேடிப் பிடிக்க முடியாதவன். நீ "கீழே பேரு போட்டிருக்கு மாமா"ங்கே!

ஒட்டுன பசையைப் பத்தி ஒரு வார்த்தை. அந்த ஊருப் பிள்ளைங்க அட்டையை ஆல்பத்துல ஒட்டி வைக்கும். பிய்க்கையில முதுகு போயிரும், விளம்பரம் பாதி போயிரும். முதுகுல தழும்பு இருந்தா மூஞ்சியைச் சுளிக்காதே. தும்பைப்பூ மாதிரி முதுகோட வாரதைத்தான் ரெண்டு தடவை திருப்பிப் பாக்கணும்.

சரி, நீ வாங்கி வச்சிருக்கிற அந்த 1909 கொன்சாலெஸ் அட்டைக்கு வருவோம். மிகெல் ஆங்கெல்னு நம்பித்தானே அந்த விலை குடுத்தே? பின்னாடி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கே கொஞ்ச நாள் மேனேஜரா இருந்தவன், அதனால கிராக்கி, புரியுது. ஆனா அவன் பொறந்தது 1890. உன் அட்டையில இருக்கிறவன் கண்ணுக்குக் கீழ பாரு, தாடையைப் பாரு. அது பத்தொன்பது வயசு மூஞ்சியா? உங்க அத்தைகூட அப்படிச் சொல்ல மாட்டா. அல்மெண்டாரெஸ்னு போட்டிருக்கு, அதனால சிரீக்கேயும் இல்லை. எனக்கென்னமோ அது கெர்வாசியோ ஸ்ட்ரைக் கொன்சாலெஸ்தான். மெண்டெஸ் வீசுன பந்தையெல்லாம் மறுபக்கம் குத்தவச்சுப் பிடிச்சவன்.

நீ குடுத்த காசுல பாதிகூடத் தேறாது மருமவனே, முதுகு வேற பிஞ்சிருக்கு. மனசு கஷ்டமா இருந்தா வெளியே யார்ட்டயும் போயி நிக்காதே, நான் எடுத்துக்கிடுதேன். பாதி விலைன்னா என் பென்சன்லயே ஆகும். உங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.